கண்ணாடித் தோல்

பிள்ளையார்பாளையம்,
5-2-1972

நர்ஸ் லில்லிக்கு,

கிருஷ்ணவேணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே. படித்துவிட்டுக் கிழி.

நாம் பேசி ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. இனி உன் முகத்தில் விழிப்பதில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் முன்னால் சொன்னவள் நான்தான். அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் கச்சாப் பட்டு வேகவைத்தார். பசை போவதற்காகச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைப்போமே, நீயும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய். நூலைக் கோலோடு தூக்கும்போது அடுப்புக் கல் ஒன்று நகர்ந்து அண்டா சாய்ந்துவிட்டது. வலது கை விரலிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று.

தெருமுனை டிஸ்பென்சரியில்தான் கட்டுப் போடுகிறோம். தினமும் காலையில் கம்பவுண்டர் கட்டை அவிழ்க்கும்போது துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் விட்டு நனைத்து இழுத்தால் முந்தின நாள் வந்த புதுத் தோலும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் சத்தம் போடுவதில்லை. நான்தான் வெளியே போய் நின்றுகொள்கிறேன். நேற்று கம்பவுண்டர், "வெரலுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும்போல இருக்குதுமா, பாப்போம்" என்றார். நெய்கிறவருக்கு விரல் போனால் என்ன மிச்சம்?

உங்கள் டாக்டரம்மா செய்துவைத்திருந்த கண்ணாடித் தோல் ஏதாவது உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் பார்சலில் அனுப்பு. அது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்தேதான் கேட்கிறேன்.

கிருஷ்ணவேணி


ஆற்காடு,
14-2-1972

அன்புள்ள வேணிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. ராஜவேலு அண்ணனுக்கு இப்படி ஆனதை நினைத்து மிகவும் வருந்துகிறேன்.

என்னிடம் கண்ணாடித் தோல் எதுவும் இல்லை. காஞ்சிபுரத்திலும் இருக்காது. நீ வந்து சத்தம் போட்ட மறுநாள், டாக்டர் சம்பூர்ணம் அம்மா அலமாரியிலிருந்த பதினோரு ஜாடிகளையும் தன் கையாலேயே கவிழ்த்துவிட்டார். நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நாளில் என்னை இந்த ஊருக்கு மாற்றினார்கள்.

அது மூன்று வருட உழைப்பு என்பது உனக்குத் தெரியாது. பிள்ளையைச் சுற்றியிருக்கும் பனிக்குடத்தின் உள் தோலை நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்து, உப்பு நீரில் ஏழெட்டு முறை அலசி, கண்ணாடிப் பலகையில் விரித்துக் காயவைப்போம். முதல் வருடம் காய்ந்ததெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. ஸ்பிரிட்டில் போட்டால் விறைத்தது. கிளிசரின் சேர்த்த பிறகுதான் வளைந்துகொடுத்தது. அப்போதும் ஓரங்கள் சுருங்கிக்கொண்டே இருந்தன. நெய்த துணி சுருங்காமல் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க நீங்கள் ஒரு மூங்கில் குச்சி வைத்திருப்பீர்களே, அதை உன்னிடமிருந்து வாங்கிப்போய் டாக்டரம்மாவிடம் கொடுத்தது நான்தான். மருந்துக் காகிதம் காயவைக்க என்று உன்னிடம் சொன்னேன். அந்தக் குச்சி வந்த பிறகுதான் தோல் சுருக்கமில்லாமல் காய்ந்தது.

இப்போது அந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. உனக்குப் பிரசவமான காலையில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாயத் தொட்டி வெந்நீர், வயிறும் தொடையும் வெந்திருந்தது. அன்று ஜாடியில் ஒன்றுமில்லை. கையில் இருந்தது உன்னுடையதுதான். எடுத்தேன். உன் மாமியார் புதுச்சட்டியோடு வந்து நின்றார். உங்கள் வீட்டில் நஞ்சுக்கொடியைத் தறிக்குழிக்குப் பக்கத்தில் புதைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சட்டியை வாங்கிக்கொண்டு, "எல்லாம் இருக்குதாம்மா?" என்று கேட்டார். "இருக்குது" என்றேன்.

உன் குழந்தை ஐம்பத்தோராம் நாள் ஜுரம் வந்து ஜன்னி கண்டு போனதற்கும் நான் எடுத்ததற்கும் சம்பந்தமில்லை. இதை நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். எடுத்ததற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை வேணி. அந்த ஒரு வார்த்தைக்காக வருந்தாத நாள் இல்லை.

அண்ணனை உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போ. புதிதாக எடுத்ததை அன்றைக்கே போடலாம். சொரசொரப்பான பக்கம் புண்மேல் படவேண்டும், பளபளப்பான பக்கம் மேலே. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றச் சொல். இழுக்கவே வேண்டாம், ஆறினால் தானாக உதிரும். ஆனால் ஒன்று. பெற்றவளைக் கேட்காமல் இனி எதையும் எடுப்பதில்லை என்று டாக்டரம்மா உறுதியாக இருக்கிறாராம். உன்னால் வந்த சட்டம் அது. போய் நீயே கேள்.

லில்லி


பிள்ளையார்பாளையம்,
20-2-1972

லில்லிக்கு,

திங்கட்கிழமை தேதி போட்டு, கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் தபால்காரர் வருகிறார்? நான் சனிக்கிழமை போட்டது உனக்குத் திங்கட்கிழமையே வந்திருக்கும். ஒரு வாரம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். பொய் சொல்ல உனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

புதன்கிழமை அவரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டில் இருக்கும் முனுசாமி, "இன்னாமா, மறுபடியும் சண்டையா?" என்று கேட்டார். டாக்டரம்மா என்னை வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரை வெளியே உட்காரவைத்து என்னிடம் சொன்னார். "நான் கேக்கமாட்டேம்மா. நான் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கினு போய்க் கேட்டா பயத்துலயே சரின்னுடுவாங்க. அது கேட்டதா ஆவாது. நீ போய்க் கேளு. சரின்னு சொல்றவங்க ரத்தத்தைப் பாத்துட்டு நான் எடுத்துத் தர்றேன்."

பிரசவ வார்டில் மூன்று நாள் நின்றேன். முதலில் சின்ன காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தி. அவள் அம்மா நான் பேசி முடிப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம்மா, எங்களுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டாள். அடுத்தவள் சின்னப் பெண், தலைப்பிரசவம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கோவிச்சுக்காத. பெத்த புள்ளயோட தோலை உரிச்சு விக்கறாங்கன்னு உங்க பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா அழுதுச்சாம். அதைக் கேட்டதுலர்ந்து எனக்கு ரொம்ப பயமா இருக்குதுக்கா" என்றாள். அந்த அம்மா யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னும் நான்கு பேரைக் கேட்டேன். எல்லார் வாயிலும் நான் சொன்னதே திரும்பி வந்தது. அதில் "விக்கறாங்க" என்பது நானாகச் சேர்த்தது. யாரும் விற்கவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து கங்கையம்மாள் என்று ஒருத்தியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கழனி வேலை செய்கிறவள், நாலாவது பிரசவம். குழந்தை இறந்தே பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டதாம். அவள் புருஷன் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டான். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் கேட்டு, வழக்கம்போல மாட்டேன் என்ற பதிலோடு, இவளைத் தாண்டி வாசல் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஏம்மா, எல்லாரையும் கேட்டுக்கினு வந்தியே, என்ன மட்டும் ஏன் கேக்கல?"

திரும்பி அவள் கட்டிலருகே போனேன். "யாருக்கோ கை நல்லா ஆவும்னியே. கேளு" என்றாள். கேட்டேன். "எடுத்துக்கோ. இன்னாத்துக்காவது ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே போட்டார்கள். நீ எழுதியபடி ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக. எச்சில் தொட்டு ஒட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டது. அதன் வழியாகப் புண் நன்றாகத் தெரிகிறது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முனகாமல் தூங்கினார்.

தூங்குவதற்கு முன்னால், "இன்னாது இது?" என்று கேட்டார். வைகாசி உற்சவத்துக்கு வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தும் பட்டு இப்போது எங்கள் தறியில் இருக்கிறது. தை மாதத்திலிருந்து நோன்பு மாதிரி நெய்துகொண்டிருந்தார். தீட்டுப் பட்ட வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பிரசவத்தில் எடுத்தது என்று தெரிந்தால் அந்த நிமிடமே உரித்துப் போட்டிருப்பார். "மெட்ராஸ்லர்ந்து வந்த மருந்துக் காகிதம்" என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது.

வேணி


ஆற்காடு,
22-2-1972

வேணி,

உன் கடிதம் ஏழாம் தேதி திங்கட்கிழமையே வந்தது. ஏழு நாள் பைபிளுக்குள் வைத்திருந்தேன். ஜெபம் பண்ண உட்காரும்போதெல்லாம் அந்தப் பக்கமே திறந்தது. கொஞ்சம் காத்திருக்கட்டும், என்னைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்தியவள் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டு மூடிவைத்தேன். வெந்த கை ஒரு நாளில் என்ன ஆகும் என்று தெரியாதவள் இப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை. எனக்குத் தெரியும்.

கை எப்படி இருக்கிறது என்று எழுது. ஒரு வரி போதும்.

லில்லி


பிள்ளையார்பாளையம்,
19-3-1972

லில்லிக்கு,

ஒரு வரி போதும் என்றாய். ஒரு வரியில் எழுத முடிந்திருந்தால் அப்போதே எழுதியிருப்பேன்.

பதினைந்தாம் நாள் அந்தத் தோல் தானாகக் காய்ந்து உதிர்ந்தது. கீழே புதுத் தோல் மூடியிருக்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நன்றாக நீட்டி மடக்குகிறார். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் வளைந்தே நிற்கின்றன. அவை டிஸ்பென்சரியில் கட்டியிருந்தபோதே இறுகிவிட்டனவாம். இரண்டு வாரம் முன்னால் போட்டிருந்தால் அவையும் பிழைத்திருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். விடாமல் கேட்டேன். "பொழச்சிருக்கும்" என்றார்.

உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று நான் ஒரு வாரம் ரோஷத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாய். ஆளுக்கொரு விரல். உன்மேல் மட்டும் கோபப்படலாம் என்று எவ்வளவோ முயற்சி செய்து பார்த்தேன்.

பெருமாள் பட்டை அவர் தம்பி தனசேகரன்தான் நெய்து முடிக்கிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த இழை தளந்துகினு இருக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தறி ஓடத்தை வாங்கி ஒரு முறை வீசிப் பார்த்தார். அது பாவு நூலில் சிக்கிக்கொண்டது. தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் உள்ளே போய்விட்டேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும். ஒன்றரை வருடமாக எல்லாரிடமும் நான் சொன்னது ஒன்றே ஒன்று. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மனசாரக் கொடுத்திருப்பேன், கேட்காமல் எடுத்ததுதான் பொறுக்கவில்லை என்று. அப்படிச் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். வார்டில் அந்த மூன்று நாள் நின்ற பிறகுதான் தெரிந்தது. கொடுத்திருக்கமாட்டேன் லில்லி. அந்தச் சின்னக் குழந்தை பக்கத்து அறையில் கத்திக்கொண்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன். சின்ன காஞ்சிபுரத்து அம்மா மாதிரி கையெடுத்துக் கும்பிட்டு எங்களுக்கு ஆகாது என்று சொல்லியிருப்பேன். நீ அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கவில்லையா?

உன் வேணி


ஆற்காடு,
2-4-1972

அன்புள்ள வேணி,

ஆமாம், தெரிந்துதான் கேட்கவில்லை. கேட்டு நீ இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எடுக்க முடியாது. அதனால் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு உன் பதில் தெரியாதா? ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. நீ இல்லை என்று சொல்லியிருந்தால், வேறு யாராவது சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு கங்கையம்மாள் அன்றைக்கும் ஏதோ ஒரு கட்டிலில் இருந்திருக்கலாம். நான் தேடவே இல்லை. கைக்கு எட்டியது நீ, எடுத்துக்கொண்டேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்போல.

டாக்டரம்மா எழுதியிருந்தார். மறுபடியும் ஆரம்பித்திருக்கிறாராம். நீ வார்டில் நின்று கேட்டதைப் பார்த்த ஆயாக்களில் இரண்டு பேர் இப்போது கேட்டுத் தருகிறார்களாம். பத்துப் பேரைக் கேட்டால் ஒருத்தி சரி என்கிறாளாம். ஜாடியில் இரண்டு தோல் இருக்கிறதாம். இதை எழுதும்போது என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. அண்ணனுடைய விரல்தான் கண்ணில் நிற்கிறது.

அந்த ஆறு வயதுப் பெண்ணுக்கு இப்போது எட்டு வயது. நன்றாக இருக்கிறாள். உங்கள் பக்கம்தான் வீடு. பெயர் வேண்டுமானால் எழுதுகிறேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டாயா? அவர் கையில் என்ன ஒட்டியிருந்தது என்று அவருக்குத் தெரியவேண்டும். உனக்கு நான் செய்ததை அவருக்கு நீ செய்யாதே. கசப்பாக இருக்கும், ஆனால் சொல்லிவிடு. வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூனில் எனக்குப் பத்து நாள் லீவு. அம்மாவைப் பார்க்க வருவேன். உன் தெரு வழியாக வரலாமா?

லில்லி


பிள்ளையார்பாளையம்,
4-6-1972

அன்புள்ள லில்லிக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆயிற்று. சொல்லிவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன்.

உற்சவம் முடியட்டும் என்று முதலில் தள்ளிப்போட்டேன். பெருமாள் அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு கருட வாகனத்தில் வந்தார். கூட்டத்தில் இவர் கையைத் தோளில் போட்டிருந்த துண்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். நல்லாயிருக்கிறது என்று தம்பியை எல்லாரும் பாராட்டினார்கள். இவரும் பாராட்டினார். வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். அன்றைக்கு எப்படிச் சொல்வது?

போன வியாழக்கிழமை சொன்னேன். மாமியார் வீட்டில் இல்லை. காலையில் அவர் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல், கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக் காகிதம் இல்லை, பனிக்குடத்துத் தோல், வாலாஜாபாத் பக்கத்துக் கழனிக்காரி ஒருத்தி கொடுத்தாள், நான்தான் போய்க் கேட்டு வாங்கினேன், உங்களை மட்டும் கேட்கவில்லை என்றேன். நாம் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு என்பதையும் சொன்னேன். உன் ஒரு வாரத்தையும் என் ஒரு வாரத்தையும்கூட மறைக்கவில்லை.

அவர் கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பெருமாள் காரியத்தில் இருக்கிறவனைத் தீட்டில் தள்ளிவிட்டாயே என்று கேட்பார், எழுந்து போய்த் தலைமுழுகுவார், பிறகு என்னோடு பேசமாட்டார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் ஆரம்பித்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தறிக்குழி ஓரத்தில் எங்கள் குழந்தையின் நஞ்சுக்கொடியைப் புதைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் முழங்கையில் வழிந்தது, துடைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

பிறகு, "அந்தக் கொழந்த நல்லா இருக்குதா?" என்று கேட்டார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்ன எனக்கு, கங்கையம்மாளின் குழந்தை இறந்தே பிறந்தது என்ற அந்த ஒன்றைச் சொல்லவேண்டிவரும் என்று தோன்றவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் குழந்தை போன பிறகு அவர் ஒரு குழந்தையைப் பற்றி வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்குது" என்றேன்.

"ஆம்பளப் புள்ளையா?"

"ஆமா."

"ஒரு நாளிக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம். சட்டை எடுத்துக்கினு போவலாம். எத்தினி மாசம் ஆவுது?" என்று பிழைத்த மூன்று விரலில் எண்ணிப் பார்த்தார். நாலாவது மாசம் என்று சொன்னேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். அதிலிருந்து தினம் ஒரு தடவையாவது அந்தப் பேச்சை எடுக்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயரை எனக்கு எழுதாதே. தெரிந்தால் தெருவில் போகிற வருகிற பெண் பிள்ளைகளை எல்லாம் நான் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கிறாள் என்று நீ சொன்னதே போதும்.

ஜூனில் வா. தெரு வழியாகப் போவதென்ன, வீட்டுக்கே வா, இங்கேதான் சாப்பிடவேண்டும். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கண்டுகொள்ளாதே. ஆனால் இவர் உன்னைக் கட்டாயம் கேட்பார். ஆஸ்பத்திரிக்காரியாயிற்றே, உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆண் குழந்தை, நாலு மாசம், நன்றாக இருக்கிறான். நீயும் அதையே சொல்.

உன்,
வேணி